வண்ணத்துணி விற்ற பட்டினம்

ஆந்திர நாட்டில், கிருஷ்ணையாறு கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்தது மசூலிப்பட்டினம். ஊரார் அதனைப் 'பந்தர்' என்பர். பாரசீக மொழியில் அச்சொல்லுக்குத் துறைமுகம் என்பது பொருள். பெயரே அவ்வூரின் பழைய வாழ்வைச் சொல்லிவிடுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் அது கோல்கொண்டா சுல்தான்களின் தலைமைத் துறைமுகம். பாரசீக வணிகரும் டச்சுக்காரரும் அங்குக் கூடினர். ஆங்கிலேயர் 1611இலும் பிரெஞ்சுக்காரர் 1669இலும் பண்டகசாலை அமைத்தனர். அவர்களை ஈர்த்த சரக்குகளுள் தலையாயது சுற்றுப்புறச் சிற்றூர்களில் நெய்து வண்ணந் தீட்டிய பருத்தித் துணி. அதுவே கலம்காரி, 'கலம்' எழுதுகோல், 'காரி' வேலை.

அந்த வண்ணம் துணியில் நிலைத்தது எவ்வாறு? துணிக்கு முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டி உலர்த்துவர். பழைய இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்து எடுத்த நீர், கடுக்காயோடு சேர்ந்து கருமையாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிக்கார நீரைத் தடவிச் சாயவேர் இட்டுக் கொதிக்க வைப்பர். படிக்காரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு பற்றும். துவைத்தாலும் வெளிறாத இவ்வண்ணம் ஐரோப்பியரை மயக்கியது. தம் நெசவாளர் பிழைப்புக் கெடுமென்று அஞ்சி, 1686இல் பிரான்சும், 1701, 1721ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தும் இத்துணிகளுக்குத் தடை விதித்தன. கைத்தொழிலுக்கு அஞ்சிச் சட்டம் செய்தன பேரரசுகள்!

ஊர் தாழ்ந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. 1641இல் ஆங்கிலக் கம்பெனியார் தம் தலைமையிடத்தைச் சென்னைக்கு மாற்றினர். நம் சென்னையின் ஏற்றத்தில் மசூலிப்பட்டினத்தின் இறக்கமும் கலந்திருக்கிறது. 1687இல் கோல்கொண்டா மொகலாயரிடம் வீழ்ந்தது. வண்டல் படிந்து துறை ஆழம் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்தது. 1864 நவம்பரில் வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர்.

எனினும் தொழில் மாளவில்லை. அருகிலுள்ள பெடனாவில் மரஅச்சுக் கொண்டு இன்றும் துணியில் கோலமிடுகின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பும் நம்மவர் பலர் விஜயவாடா நிலையத்தைத் தூங்கியே கடக்கிறோம். ஒருமுறை விழித்திறங்கி, கிழக்கே செல்லும் கிளைப்பாதை வண்டியில் ஏறுங்கள். வழியில் பெடனா, முடிவில் மசூலிப்பட்டினம். உலகம் விரும்பிய வண்ணம் எவர் கையில் பிறந்தது என்பதை அங்கே நேரில் காணலாம்.