கோடை பண்பலை ஏன் இவ்வளவு தூரம் எட்டுகிறது?

மதுரையிலும் தேனியிலும் 100.5-க்குத் திருப்பினால் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலை பாடும். சென்னைப் பண்பலைகளோ செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கரகரக்கத் தொடங்கிவிடும். ஏன்?

பண்பலை அலையின் நீளம் சுமார் 3 மீட்டர்தான். அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு குறுக்கிட்டால் பெரும்பாலும் அங்கேயே தேய்ந்துவிடும். ஆகவே உயரம்தான் எல்லாம். சமவெளியில் 100 மீட்டர் கோபுரத்துக்கு எட்டுவது 40 கிலோமீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேல்; கணக்குப் போட்டால் 180 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மலையே இலவசக் கோபுரம்! ஆனால் மலைமறைவில் இருக்கும் ஊருக்கு, பக்கத்தில் இருந்தாலும், இரைச்சல்தான் மிச்சம்.

பேருந்தில் போகும்போது பாட்டின் நடுவே சட்டென்று வேறு நிலையத்தின் நகைக்கடை விளம்பரம் புகுந்துவிடுகிறதே, அது எப்படி? ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், பண்பலைப் பெட்டி வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். மத்திய அலையில் இந்தக் கறார் கிடையாது. இரண்டும் கலந்தே கேட்கும்.

இலங்கை வானொலி கடல் கடந்து வந்தது வேறு கணக்கு. மத்திய அலை உப்புநீரை ஒட்டி வளைந்து வரும். இரவில் அயனிமண்டலத்தில் பட்டும் திரும்பும்.