பாத்திரத்தில் யார் பெயர்?

சம்பள நாள் – 19

சென்ற வாரம் போனஸ் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். மிச்சத்தைச் சொல்லிவிட்டுத்தான் இந்த வாரத்து விஷயத்துக்குப் போகமுடியும். மகளிர் தினத்துக்கு வரும் கோப்பை, ஆயுதபூஜைப் பொரிகடலை, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன் போனஸ்தான். அதுவும் பரிசாகத்தான் பிறந்தது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் பம்பாய் மில் முதலாளிகள் கூலிக்கு மேல் 10 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். 'போர் போனஸ்' என்று பெயர். துணிக்கு நல்ல கிராக்கி, கல்லா நிறைந்தது, கொடுத்தார்கள். 1923-ல் லாபம் வற்றியதும் கையை விரித்தார்கள். 1924 ஜனவரியில் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி மெக்லியாட் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. வழக்கப்படி பார்த்தாலும் சட்டப்படி பார்த்தாலும் இதைக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை கிடையாது என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. அந்த 'கிடையாது' சட்டத்தில் 'உண்டு' ஆவதற்கு 41 வருடம் பிடித்தது. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது வருடத்தில் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கு அதற்கும் பின்னால் வந்தது.

மதுரையில் ஹார்வி மில் ஆட்களிடம் கேட்டால் இந்தக் கதையைத் தங்கள் வீட்டுக் கதையாகவே சொல்வார்கள். 1892-ல் தொடங்கிய மில் அது. போனஸ் எத்தனை சதவீதம் என்ற பேச்சுவார்த்தை முடிகிறவரை மில்காரர் வீடுகள் மட்டுமல்ல, விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளும் காத்துக் கிடக்கும். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி இன்றைக்கும் முதலாளி பெயரில்தான் இருக்கிறது. பெயர் விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த வாரத்துக் கேள்வி. இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அலுவலகத்தில் பெண்களுக்கு ஒரு வட்டம், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு ஒரு வட்டம், திருநர்களுக்கும் அவர்களோடு நிற்பவர்களுக்கும் ஒரு வட்டம் என்று தொடங்கியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வட்டத்துக்கும் கம்பெனி பரிசு கொடுக்க வேண்டும். என்ன வாங்கலாம்?

இந்த வட்டங்களின் பூர்வீகம் அமெரிக்கா. 1964 கோடையில் ராச்செஸ்டர் நகரத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஜெராக்ஸ் கம்பெனி இருந்த ஊர் அது. தலைவர் ஜோசப் வில்சன் தன் கம்பெனிக்குள் கறுப்பின ஊழியர்கள் எத்தனை பேர், என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அந்த ஊழியர்கள் கூடிப் பேச ஆரம்பித்து, 1970-ல் அது முறையான அமைப்பாயிற்று. வேலையிலும் பதவி உயர்விலும் சமநீதி வேண்டும் என்பதற்காகக் கூடியவர்கள் அவர்கள். கோப்பையும் டி-சர்ட்டும் பிறகு ஒட்டிக்கொண்டவை.

ஆகவே வாசகிக்கு என் முதல் பதில் கடைக்குப் போகாதீர்கள் என்பதுதான். பரிசுப் பட்டியல் போடும் முன்னால், அந்த வட்டத்துக்குக் கம்பெனி பாக்கி வைத்திருப்பது என்ன என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

ஜவுளிக்கடைப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சேலை உண்டு, பொங்கலுக்கு ஏதாவது உண்டு. ஆனால் காலையில் ஏறினால் இரவு இறங்கும்வரை நின்றே ஆகவேண்டும். கால் வீங்கி, நரம்பு சுருண்டு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உட்கார்ந்த பெண்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' எடுத்தபோது சென்னைக் கடைகளைக் காட்டினார். நம் மாசி வீதிகளில் எடுத்திருந்தாலும் கதை மாறியிருக்காது. கேரளத்தில் பெண்கள் போராடி 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் சேர்க்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். இனி அந்த ஸ்டூலை ரிப்பன் கட்டி மகளிர் தினத்தில் கொடுத்தால் அதற்குப் பெயர் பரிசா?

மற்ற வட்டங்களுக்கும் இதே கணக்குத்தான். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதையும், பார்வையற்றவர் கணினிக்குத் திரைவாசிப்பு மென்பொருளும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சங்கதி. திருநங்கை ஊழியரின் அடையாள அட்டையில் அவர் வைத்துக்கொண்ட பெயர் இருக்கவேண்டும் என்பது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. 2014-ல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2019 ஏப்ரலில் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பு எழுதினார். கல்யாணப் பதிவேட்டிலேயே இடம் கிடைத்தவருக்குக் கம்பெனிப் பதிவேட்டில் பழைய பெயரை வைத்துக்கொண்டு, ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்தன்று வானவில் பட்டை போட்ட சாக்லேட் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

பாக்கி தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி பரிசு.

பெரும்பாலான கம்பெனிகள் சறுக்குவது எல்லோருக்கும் ஒன்றையே வாங்குவதில். மொத்தக் கொள்முதலில் விலை குறைகிறது, சரி. ப்ளூடூத் ஸ்பீக்கர் காது கேளாதவர் கைக்குப் போகிறது. மேசைக் காலண்டர் கண் தெரியாதவர் மேசையில் உட்காருகிறது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அழகர்கோயில் சாலைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்றோருக்கான இந்தியச் சங்கம் இருக்கிறது. பிரெயிலில் ஒரு வாழ்த்து அட்டை அடிக்க என்ன வழி என்று அந்த மாதிரி இடத்தில் கேட்டால் யாரும் விரட்டமாட்டார்கள்.

பெண்கள் வட்டத்தில் சறுக்கல் வேறு மாதிரி. நவராத்திரி வந்தால் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ஜாக்கெட் துணி எல்லாம் போட்டு ஒரு பை. வீட்டுக் கொலுவுக்கு அழகான வழக்கம், நானும் குறை சொல்லமாட்டேன். அலுவலகத்தில் அதே பையை நீட்டும்போது வரிசையில் கணவனை இழந்த பெண் ஒருத்தி நிற்பாள். கொடுக்கிற சூப்பர்வைசர் அக்காவுக்கு ஒரு கணம் கை தயங்கும். சில இடங்களில், "உனக்கு ஸ்வீட் மட்டும் எடுத்துக்கம்மா" என்று குரல் தாழ்த்திச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவள் மறுவருடம் அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள். கோரிப்பாளையத்திலிருந்து வருகிற முஸ்லிம் பெண்களும் ஞானஒளிவுபுரத்திலிருந்து வருகிற கிறிஸ்தவப் பெண்களும் வாங்கிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், பையை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள். மல்லிகைப் பூவும் இதே ரகம்தான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஊர்ப் பெருமை, எல்லாம் உண்மை. கூடையில் வைத்துவிட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் யாருக்கும் சங்கடமில்லை. வரிசையில் நிறுத்தி முழம் முழமாகக் கொடுத்தால் பழைய கதைதான்.

சரி, மதுரையில் வாங்க நல்ல பொருள் என்னதான் இருக்கிறது? எனக்குச் சுங்குடி. இதில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, மறைக்கவில்லை.

2005-லேயே புவிசார் குறியீடு பெற்றது. நாயக்கர் காலத்தில் இங்கே ஊன்றிய சௌராஷ்டிரச் சமூகத்தின் கைவேலை. வெள்ளைப் பருத்திச் சேலையை மடித்து வரிசைக்கு அடையாளம் போட்டுக்கொள்வார்கள். பிறகு நகத்தால் துணியைப் பொட்டளவு கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு. அடுத்து ஒரு முடிச்சு. நெருக்கமான புள்ளி என்றால் ஒரு சேலைக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். பெரும்பாலும் பெண்கள், வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கட்டுவது. சாயத்தில் தோய்த்துக் காய்ந்ததும் நூலைப் பிரித்தால், கட்டிய இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். கையால் கட்டிய புதுச் சேலையை விரல் வைத்துத் தடவினால் புள்ளி சின்னக் குமிழாக எழும்பி நிற்கும். பக்கத்துப் புள்ளியோடு அளவும் சரியாக ஒத்துப்போகாது. அச்சடித்ததில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, துணியும் தட்டை. கடையில் இன்றைக்குச் சுங்குடி என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பங்கு மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். அதில் தப்பில்லை, மதுரை வெயிலுக்கு அதுவும் சுகமான சேலை. ஆனால் அச்சுச் சேலையை வாங்கி, 'நம் ஊர்ப் பெண்களின் கைவேலை' என்று அட்டை ஒட்டிக் கொடுக்கக்கூடாது. முடிச்சு கட்டுகிற பெண்ணின் கூலிதான் இந்தத் தொழிலிலேயே மெலிந்தது. பெண்கள் வட்டத்தின் பரிசுப் பணம் அந்தப் பெண்ணின் கைக்குப் போய்ச் சேருமானால், நான் இந்தத் தலைப்பில் எழுதியதற்கு அர்த்தம் உண்டு.

சேலையே வேண்டும் என்பதும் இல்லை. இருபத்து நாலு வயதுப் பெண் சுடிதாரில் வருகிறாள், அவளுக்குத் துப்பட்டா. நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். முப்பது பேருக்கும் ஒரே நீலம் எடுத்தால் அதற்குப் பெயர் சீருடை.

இன்னொரு வழி, பொருளே வாங்காமல் தொகையை வட்டத்தின் கையில் கொடுத்துவிடுவது. குழுவாகப் பணத்தை வைத்துத் தீர்மானிக்கும் பழக்கம் இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகர்கோயில் பக்கத்துக் கூலிக்காரப் பெண் சின்னப்பிள்ளை 'களஞ்சியம்' என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களின் தலைவியாக வளர்ந்தவர். பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அழகர்கோயில் வயல்காட்டில் செய்யமுடிந்ததை ஏ.சி. அறையில் செய்யமுடியாதா? ஒரு வட்டம் சுற்றுலா போகும், ஒன்று புத்தகம் வாங்கும், ஒன்று அவசரக் கடனுக்கு வைத்துக்கொள்ளும். மனிதவளத் துறைக்கு இது பிடிக்காது. போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காதே.

வரி விவகாரம் ஒரு வரியில். பொருளாகவோ வவுச்சராகவோ கொடுத்தால், வருடத்துக்கு 5,000 ரூபாய் என்று வருமானவரி விதி நெடுங்காலம் வைத்திருந்த வரம்புக்குள் ஊழியருக்கு வரி இல்லை. ரொக்கம் என்றால் சம்பளத்தில் சேரும். மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் விசேஷ வீட்டுக்குப் பாத்திரம் எடுத்தால் கொடுப்பவர் பெயரைத்தான் வெட்டுவோம். எவர்சில்வர் அண்டா விளிம்பில் தாய்மாமன் பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். மொய் எழுதுவதும் அப்படி. நோட்டில் எழுதிய காலம் போய் இப்போது லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று தெரியவேண்டும், நாளைக்குத் திருப்பிச் செய்யவேண்டும் அல்லவா? அதனால் கொடுத்தவர் பெயர் அங்கே நியாயம். கம்பெனி கொடுப்பதை ஊழியர் என்றைக்குத் திருப்பிச் செய்யப்போகிறார்? கம்பெனி வீட்டுக் காதுகுத்துக்கு மொய் வைக்கவா? திருப்பமுடியாத இடத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டினால் வாங்கியவருக்கு அது தினமும் நினைவூட்டல். ஊருக்கு அது விளம்பரம். முத்திரை போட்ட டிபன் பாக்ஸ் எத்தனை வீட்டில் பரணில் கிடக்கிறது என்று ஏறிப் பாருங்கள்.

மதுரைப் பாத்திரக்கடை ஒன்றில் பெயர் வெட்டுகிறவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கையில் பேனா தடிமனுக்கு ஒரு மின்கருவி. ஊசி முனை ர்ர்ர் என்று துடிக்கும்போது எழுத்து புள்ளி புள்ளியாக எவர்சில்வரில் இறங்குகிறது.

"கம்பெனி பேருன்னா இப்பல்லாம் லேசர்ல அனுப்பிருவாங்கண்ணே, சடசடன்னு முடிஞ்சிரும். ஆள் பேருன்னாத்தான் எங்கிட்ட வரும்."

"ஆள் பேர் போட்டுக் கேக்குற கம்பெனி உண்டா?"

"ஒண்ணு ரெண்டு வரும். லிஸ்ட்ட இங்கிலீஷ்ல குடுத்துர்றாய்ங்க. நான் தமிழ்ல வெட்டணும். அது வள்ளியா, வல்லியா, எனக்கு எப்பிடித் தெரியும்? வெட்டிட்டா அழிக்க முடியாதுல்ல. நாலு எழுத்துன்னாலும் அந்தந்த ஆளே எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்."

அவர் சொன்னதையே வாசகிக்குத் தருகிறேன். ஒரு தாளைச் சுற்றுக்கு விடுங்கள். அவரவர் பெயரை அவரவர் கையால், எப்படி வேண்டுமோ அப்படி எழுதட்டும். இனிஷியலுக்கு அம்மா பெயரின் முதல் எழுத்தைப் போடுபவர் போடட்டும்; புதுப் பெயர் வைத்துக்கொண்டவர் அதையே எழுதட்டும். கம்பெனி பெயர் வேண்டுமென்றால் அட்டைப்பெட்டியில் இருக்கட்டும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே தாளைச் சுற்றுக்கு விட்டுவிடுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் கடையில் பேச நேரமிருக்காது.

அடுத்த வாரம்: இரவு ஷிப்டும் கம்பெனி வண்டியும்.