குழாயில் காத்திருக்கும் செய்தி

காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய்வழி வந்து, தொட்டிகளில் தேங்கிய பின்னரே பெங்களூரு வீடுகளை அடைகிறது. கணினியிலும் குழாய் உண்டு. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாக்கும் அவ்வழி, 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் அமைக்கப்பட்டது.

திரைக்கு எழுதும் நிரல் வரிதோறும் உடனே வெளியிடும். அதே நிரல் குழாய்க்கு எழுதும்போது, இடையகம் என்னும் தற்காலிக நினைவிடத்தில் வரிகளைச் சேர்த்துவைத்து, அது நிரம்பியதும் மொத்தமாக அனுப்பும். லினக்ஸில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 4096 பைட்டு. இதனால் வேலை விரைந்து முடியும். ஆயினும் ‘ஏரி நிரம்புகிறது’ என்னும் ஒற்றை எச்சரிக்கை, பின்வரும் வரிகளுக்காகக் காத்துக் கிடக்கும். நிரல் பழுதுற்றது எனப் பலர் கருதுவதும் இதனாலேயே. சொற்களைத் தேடும் கிரெப் நிரலை வரிதோறும் அனுப்புமாறு பணிக்கலாம். வேறு பலவற்றிற்கு ஸ்டட்பஃப் கட்டளை உதவும்.