மருத்துவர் கேட்கும்போது மறைக்கலாமா?



சில ஆண்டுகளுக்கு முன், மும்பையில் ஒரு நள்ளிரவில் என் தொலைபேசி ஒலித்தது. நம் சபைச் சகோதரி ஒருவருக்கு வலிப்பு கண்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கணவர் ஊரிலிருந்து வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது; இந்தி தெரியாது. "ஐயா, டாக்டர் கேட்பது ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் வந்து பேசுங்கள்" என்றார். ஜெபிப்பதற்காக மட்டுமல்ல, மொழிபெயர்ப்பதற்காகவும் சென்றேன்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது? முதலில் கை மட்டும் இழுத்ததா, உடல் முழுவதுமா? தலை எதிலாவது மோதியதா? காய்ச்சல் உண்டா? கருவுற்றிருக்கிறார்களா? கடைசியாக, "வலிப்புக்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?" என்றார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். பின்பு தலைகுனிந்து, "சாப்பிடுகிறாள்" என்றார். அதை நான் அப்படியே இந்தியில் சொன்னேன்.

அது உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன் உபவாச ஜெபத்தில் அந்தச் சகோதரி எழுந்து நின்று, கர்த்தர் தன்னைச் சுகமாக்கினார் என்றும், மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் சாட்சி சொன்னார்கள். அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்தச் சாட்சிக்கு இழுக்கு வந்துவிடுமோ என்று கணவர் அஞ்சினார், நானும் அஞ்சினேன்.

மருத்துவர் எழுதிக்கொண்டார். மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு வருகிறதென்றால், அந்த மருந்து போதவில்லை என்றுதானே அவர் எண்ணுவார்? இன்னொரு மருந்தைச் சேர்ப்பதைப்பற்றிப் பேசலானார். எங்கள் ஒரு பொய் அவருடைய கையை எங்கே திருப்பிற்று, பாருங்கள்!

ஒரே கேள்வி ஏன் பலமுறை?

விடியும்வரை அங்கே காத்திருந்தபோது பலவற்றைக் கவனித்தேன். மருந்து கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் செவிலியர் பெயரைக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்டார். நாடி, இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவை நேரம் குறித்து எழுதப்பட்டன. பணி மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் கட்டில் கட்டிலாக நின்று விவரம் சொல்லி ஒப்படைத்தார். காலையில் வந்த மூத்த மருத்துவர், இரவில் கேட்ட கேள்விகளையே மறுபடியும் கேட்டார். "எத்தனை பேர்தான் கேட்பார்கள்?" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அது மறதியன்று, ஒருவருக்கு விடுபட்டது மற்றவருக்கு அகப்படும்படியான ஏற்பாடு.

1975-ஆம் ஆண்டு பிரிட்டனில் 80 புதிய நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் 66 பேரின் நோயை, பரிந்துரைக் கடிதத்தையும் நோயாளி சொன்ன வரலாற்றையும் கொண்டே மருத்துவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள். உடற்சோதனை 7 பேருக்கும், ஆய்வுக்கூடச் சோதனை வேறு 7 பேருக்குமே உதவிற்று. இன்று ஸ்கேன் கருவிகள் பெருகியிருந்தாலும், எதைத் தேட வேண்டும் என்பதை மருத்துவருக்குக் காட்டுவது நம் வாய்ச்சொல்லே.

மூத்த மருத்துவர் வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னார். கணவர் கொண்டுவந்தார். செவிலியர் அட்டையைப் பிரித்துப் பார்த்தார். கடைச்சீட்டில் இரண்டு மாதத்திற்கு முந்திய தேதி, அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்தார். அப்பொழுதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இதை இரவே சொல்லியிருக்கலாமே! திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரும்" என்றார். புதிய மருந்து வேண்டாமென்று பழைய மருந்தையே மீண்டும் தொடங்கினார். சகோதரி மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள்.

ஆண்டவர் கேட்ட கேள்வி

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், வலிப்பால் அலைக்கழிக்கப்பட்ட மகனைத் தகப்பன் கொண்டுவருகிறான். எல்லாம் அறிந்த ஆண்டவர், இது எவ்வளவு காலமாக உண்டென்று அவனிடத்தில் கேட்கிறார். அவன் சிறுவயது முதலென்று சொல்லி, தீயிலும் தண்ணீரிலும் மகன் விழுந்ததையும் சொல்லுகிறான். தன் அவிசுவாசத்தைக்கூட மறைக்கவில்லை. அவன் சொன்ன உண்மை அற்புதத்திற்குத் தடையாகவில்லையே!

கர்த்தர் சுகமாக்குகிறார் என்பதை நான் இன்றும் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். ஆனால் தாம் சுத்தமாக்கின குஷ்டரோகியையே ஆண்டவர் ஆசாரியனிடத்தில் போய்க் காண்பிக்கச் சொன்னார். தேவன் தந்த சுகம் சோதனைக்கு அஞ்சாது. மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தைக் குறைப்பதை அவர் பார்த்துச் செய்யட்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை

சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். வலிப்புக் கண்டவருக்கு நடந்தது நினைவிராது. ஆகவே நேரில் கண்டவரே உடன் செல்லட்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். பெற்றோரின் நோயை அது சொல்லக் கூசும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும்.

போதக சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறு ஆராதனையில், சகோதரியின் சம்மதத்தோடு, நடந்ததை அறிக்கையிட்டேன். ஆராதனை முடிந்தபின் மூன்று பேர் தனியாக வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். மூவரையும் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர்களுக்காக ஜெபித்தே அனுப்பினேன்.

உங்கள் சபையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் பயமின்றி உண்மையைச் சொல்லத்தக்க இடமாக நம் சபைகள் விளங்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.