கொதிநீர் அறிவிப்பு

கொதிநீர் அறிவிப்பு என்பது குழாய் நீரில் நோய்க்கிருமிகள் கலந்துள்ளன என்றோ கலந்திருக்கக்கூடும் என்றோ ஐயம் எழும்போது, நீரைக் கொதிக்கவைத்தே பருகுமாறு பொதுமக்களுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையாகும். நீர் வழங்கும் நிறுவனமோ சுகாதாரத் துறையோ இதனை வெளியிடும். நீர் தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடமாவது அடுப்பிலேயே இருக்க வேண்டும். பல் துலக்கவும், ஐஸ் கட்டி செய்யவும், குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்கவும் கொதித்து ஆறிய நீரே ஏற்றது.

இவ்வறிவிப்பின் பயன் அது வெளிவரும் நேரத்தைப் பொறுத்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள வால்க்கர்டன் என்னும் சிற்றூரில் 2000 மே மாதம் பெய்த கனமழையால், மாட்டுச் சாணத்தில் இருந்த ஈ.கோலி பாக்டீரியா ஊர்க் கிணறு ஒன்றில் கலந்தது. நீர் மாசுபட்டுள்ளதை ஆய்வகம் மே 17 அன்று நீர் வழங்கும் அமைப்புக்கு மட்டும் தெரிவித்தது. நோயாளிகள் பெருகியதால் மே 19 அன்று சுகாதார அலுவலகம் விசாரித்தபோது, அம்முடிவை மறைத்து நீர் நன்றாக இருப்பதாகவே பதில் தரப்பட்டது. ஐயம் தீராத சுகாதார அலுவலர், தம் சோதனை முடிவுகள் வருமுன்பே மே 21 அன்று கொதிநீர் அறிவிப்பை வெளியிட்டார். அதுவும் உள்ளூர் வானொலிகள் வழியாகவே சென்றதால் பலரை எட்டவில்லை. 7 பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர்.

உண்மை மே 19 அன்றே சொல்லப்பட்டிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பர் என்று நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை கணித்தது. இரண்டே நாள் தாமதத்தின் விலை இது. பின்னர், மோசமான முடிவுகளை ஆய்வகமே சுகாதார அலுவலருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என ஒன்ராறியோ சட்டம் செய்தது.

அமெரிக்க விதிகளின்படி, உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். என்ன நேர்ந்தது, யாருக்கு ஆபத்து, வேறு நீர் தேவையா, எப்போது சரியாகும் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். ஆபத்து எதுவெனச் சொல்வது இதில் மிக முக்கியம். ஏனெனில் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகுமே தவிர ஈயம் போகாது. நீர் ஆவியாவதால் எஞ்சிய நீரில் ஈயத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 2014-க்குப் பின் குடிநீரில் ஈயம் கலந்தபோது, மக்களுக்குத் தேவைப்பட்டவை வடிகட்டியும் பாட்டில் நீருமே.

அறிவிப்பு விலக்கப்பட்டதும் வீட்டுக் குழாய்களைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, தேங்கிய பழைய நீரை வெளியேற்ற வேண்டும். இடையில் உறைந்த ஐஸ் கட்டிகளையும் கொட்டிவிட வேண்டும்.