உழைப்போரின் இருதய நலம்

நாள்தோறும் தவறாது வேலைக்குச் செல்பவர் தம்மை நோயற்றவர் என்று கருதுவது இயல்பு. ஆயினும், வேலை செய்ய முடிவது ஒன்றே ஆரோக்கியத்திற்குச் சான்றாகாது. உயர்ந்த இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலியோ காய்ச்சலோ தோற்றுவிக்காமல் பல ஆண்டுகள் உடலில் இருந்து வரக்கூடும். அக்காலத்தில் அவை இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகின்றன. பழுதான இடத்தில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. இருதயத்திற்குச் செல்லும் குழாய் அடைபட்டால் மாரடைப்பும், மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதமும் நேரிடுகின்றன. நடுவயதில் இவை தாக்கும்போது குடும்பத்தின் வருவாயே நின்றுவிடுகிறது.

தொழிலுக்கும் இருதயத்திற்கும் உள்ள தொடர்பை லண்டன் நகரப் பேருந்து ஊழியரிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று தெளிவாக்கியது. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் அதன் முடிவுகளை 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருந்தனர். நடத்துநரோ இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய வண்ணம் இருந்தனர். மாரடைப்பு நோய் நடத்துநரிடம் குறைவாகவே காணப்பட்டது. 1956-இல் அவர்களுடைய சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநரின் இடுப்புச் சுற்றளவு பொதுவாக அதிகம் என்பது புலனாயிற்று. ஆகவே, வேறுபாடு முழுவதற்கும் படியேறுதலே காரணம் என்று கூற இயலாது. எனினும், உடலுழைப்பு இருதயத்தைக் காக்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின.

இதன் காரணம் எளிது. இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது. இயக்கம் குறைந்தால் செலவு குறைகிறது. மிஞ்சியது கொழுப்பாக வயிற்றில் சேர்கிறது. அக்கொழுப்பு இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. 2021-ஆம் ஆண்டில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 31.5 கோடிப் பேருக்கு உயர்ந்த இரத்த அழுத்தமும் இருந்ததாக அதில் மதிப்பிடப்பட்டது. 13.6 கோடிப் பேர் நீரிழிவின் முன்நிலையில் இருந்தனர்.

உடலுழைப்பாளர் அபாயத்திலிருந்து முற்றிலும் விடுபட்டவர் என்றும் கொள்ளலாகாது. பீடியும் புகையிலையும், மிகுந்த உப்பும் உழைப்பின் நற்பயனைக் குறைத்துவிடும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களிடம் முதலில் வலியுறுத்த வேண்டுவது அளவீடு. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கையை இருதய மட்டத்தில் தாங்கி வைத்து அழுத்தத்தை அளத்தல் நலம். அது 140-க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ மறுமுறையும் காட்டினால் மருத்துவரிடம் அனுப்புதல் அவசியம். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் அவ்வாறே செய்க. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் எச்சரிக்கையே. இதற்கு ஓர் அளவுநாடா போதும்.

வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடை, நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பு, புகையிலையை அறவே விடுதல் ஆகியன எவர்க்கும் ஏற்றவை. மருந்து உட்கொள்பவர், உடல் நலமாகத் தோன்றுகிறது என்று அதைத் தாமே நிறுத்திவிடலாகாது. அந்நலம் பெரும்பாலும் மருந்தின் பயனே என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.