கட்டவிழாத ஏடு

நெடுங்கேணியில் என் பாட்டனார் விடகடி வைத்தியராய் விளங்கியவர். அவருடைய பனையோலை ஏட்டுக்கட்டு எப்போதும் இரு சட்டங்களுக்கிடையே நூற்கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். நான் சிறுவனாயிருந்த நாளில், மாரிகாலத்து இரவொன்றில், பாம்பு தீண்டிய உழவர் ஒருவரைத் தூக்கிவந்தனர். வேண்டிய ஓலை கட்டின் நடுவே கிடந்தது. ஈரமேறிய முடிச்சோ அவிழவில்லை. பாட்டனார் தாமதியாது அவரை லொறியொன்றில் வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உழவர் பிழைத்தார். "எழுத்து இருந்தென்ன, தம்பி? கைக்கு எட்டவில்லையே!" என்று பாட்டனார் வருந்திச் சொன்னது என் நெஞ்சில் நிலைத்தது.

பின்னாளில் கிளிநொச்சியில் விஞ்ஞானம் கற்பித்தபோது, பரம்பரை அலகு இருந்தாற் போதும், அதற்குரிய இயல்பு தோன்றியே தீரும் என்று அடித்துச் சொல்லிவந்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, ஈரற் கலத்திலும் மூளைக் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. அன்றோ? பின்னர் அவை வேறுபடுவது எங்ஙனம்?" என்றாள். விடையிறுக்க இயலாது நாணினேன். விடையைத் தேடிச் சென்றபோது பாட்டனாரின் ஏட்டுக்கட்டே கண்முன் வந்து நின்றது.

மனிதக் கலமொன்றின் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். கண்ணுக்குப் புலனாகாத கருவினுள் அஃது அடங்கவேண்டும். ஆதலின், எட்டு ஹிஸ்தோன் புரதங்கள் திரண்ட உருளையொன்றைச் சுற்றி, 147 எழுத்திணைகள் கொண்ட இழை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுற்றிக்கொள்கிறது. இத்தகைய உருளைகள் இழை நெடுகிலும் உள்ளன. இவ்வமைப்பை 1974இல் றோஜர் கோர்ன்பேர்க் எடுத்துரைத்தார்; 1997இல் கரோலின் லூகர், திமோதி றிச்மண்ட் குழுவினர் அதன் நுண்வடிவைத் துலக்கினர்.

பரம்பரை அலகுகளை இயக்கும் புரதங்கள் தமக்குரிய சிறு எழுத்துத் தொடரைத் தேடிப் பற்றுவன. அத்தொடர் உருளையோடு அழுந்திக் கிடப்பின், அவற்றுட் பலவற்றுக்குப் பிடி கிட்டாது. அலகு இருந்தும் ஊமையாகும். ஹிஸ்தோன்களின் வால்களில் அசெற்றைல் கூட்டம் சேரின் கட்டு நெகிழும். ஃபொக்ஸ்-ஏ போன்ற முன்னோடிப் புரதங்களோ சுருண்ட இழையையே பற்றி, ஏனையவற்றுக்கு வழி திறப்பன. முளையத்தில் ஈரல் உருவாவதற்கு இவை இன்றியமையாதன.

கட்டு தகாத இடத்தில் இறுகின், புற்றுநோயைத் தடுக்கும் அலகும் வாயடைபடக்கூடும். அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் பெற்ற வொரினோஸ்ற்றற் என்னும் மருந்து, அசெற்றைல் கூட்டத்தை அகற்றும் நொதியங்களைத் தடுப்பது. தோலிற் காணும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அது வழங்கப்படுகிறது.

மறுவாரம் அந்த ஏட்டுக்கட்டை வகுப்புக்கு எடுத்துச் சென்று, வினவிய மாணவியின் கையிலேயே கொடுத்தேன். அவள் பொறுமையாக முடிச்சை அவிழ்த்து முதலோலையை வாசித்தாள். நான் பல்லாண்டு பிழையாகக் கற்பித்த பாடம் அன்றுதான் திருந்தியது.